தண்ணீர்த்தொட்டி ஸ்டாப்

என் அக்கா பஸ் ஓட்டுகிறாள். டிப்போவில் அவளுக்கு 'பிரேக்கு' என்று பெயர். பெல் அடித்தால் நிறுத்துவாள், காரணம் அவ்வளவுதான். மற்ற டிரைவர்கள் தண்ணீர்த்தொட்டி ஸ்டாப்பைக் கண்டும் காணாமல் ஓட்டிவிடுவார்கள். அங்கே இறங்குவது ஒரே ஒருவர்தான், எப்போதும் குடையும் கையுமாக வருகிற ரிட்டயர்டு கிளார்க். அவருக்காக வண்டி பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பிச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். "ஒருத்தருக்காக நாங்க எல்லாரும் லேட்டாகணுமா?" என்று யாராவது முனகினால் அக்கா தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு முறை முறைப்பாள். முனகல் அடங்கிவிடும்.

அக்காவோடு குடித்தனம் நடத்துகிறவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். எனக்கு அவள் சின்னக்கா. அவர்கள் சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்கும்போது 'அக்கா தங்கச்சி', ஆஸ்பத்திரியில் 'கூட வந்தவங்க' என்று சொல்லிச் சொல்லி இருவருக்கும் வாய் அலுத்துப் போனது. போன வருஷம் சின்னக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். அக்காவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத சின்னக்காவின் அண்ணனை ஃபோனில் பிடித்துச் சம்மதம் கேட்டார்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாராம் அந்த மகராசன். யோசிப்பதற்கு அது என்ன கத்திரிக்காய் வியாபாரமா?

இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. அதற்குள் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டால் அக்கா உள்ளே நிற்கலாம். செய்துகொள்ளலாம் என்று கோர்ட்டும் சொல்லிவிட்டது. அரசாங்கம்தான் பயந்துபோய், இந்த மாதிரிக் கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று ஜனங்கள் முடிவு செய்யட்டும் என்று நாடு முழுக்க ஓட்டெடுப்பு வைத்தது. என் கல்யாணத்துக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்? குடித்துவிட்டு வந்து கை நீட்டுகிறவனுக்கு என்னைக் கட்டிவைத்தபோது ஊரில் ஒருவரும் கியூவில் போய் நிற்கவில்லையே.

குடைக்காரர் பஸ்ஸிலேயே 'வேண்டாம்' நோட்டீஸ் கொடுத்தார். அக்காவின் விஷயம் தெரிந்தும் அவளிடமும் ஒன்றை நீட்டினார்.

"தப்பா நெனைச்சுக்காதம்மா. உன் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நாலு பேர் சொல்றதுக்குக் கட்டுப்படணும் இல்லையா?"

"உக்காருங்க சார், வண்டி எடுக்கணும்" என்றாள் அக்கா. நானாக இருந்தால் அதைக் கிழித்து அவர் குடைக்குள்ளேயே போட்டிருப்பேன்.

'வேண்டாம்' ஜெயித்தது. டிவியை அணைத்துவிட்டு சின்னக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அப்ப மறுபடியும் எங்க அண்ணன்தானா?"

மறுநாள் காலை நல்ல மழை. வழக்கம்போல நானும் வேலைக்குப் போக அந்த பஸ்ஸில்தான் ஏறினேன். முந்தின நாள் வரை அக்காவிடம் பல்லைக் காட்டிப் பேசியவர்கள் அன்று மழையை வேடிக்கை பார்த்தார்கள். வண்டி ஏற்கெனவே லேட். தண்ணீர்த்தொட்டி நெருங்கும்போது குடைக்காரர் பெல்லை அழுத்தினார்.

"நேரா போங்க டிரைவர், ஆபீஸுக்கு நேரமாச்சு!" என்றது ஒரு குரல்.

"ஓட்டுப் போட்டுப் பாத்துரலாமே. நேரா போகணும்கிறவங்க கையத் தூக்குங்க!" என்றான் பின்சீட்டு ஆள்.

சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். பஸ் முழுக்கக் கைகள். குடைக்காரரின் முகம் சுண்டிப்போனது.

"நேரா போயிடுவியாம்மா? முட்டி வலி, இந்த மழையில அடுத்த ஸ்டாப்லேருந்து நடக்க முடியாது..."

நேரா போக்கா, நாலு பேர் சொல்லிட்டாங்க இல்ல, நனையட்டும் என்று எனக்குள் கத்தினேன். அக்கா வண்டியை உள்ளே திருப்பினாள். கை தூக்கியவர்கள் எல்லாம் இன்னொரு கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு பிரேக் போட்டாள்.

"கைய எறக்குங்க. ஸ்டாப்புக்கெல்லாம் இந்த வண்டியில ஓட்டு கெடையாது."

குடைக்காரர் படியில் நின்று திரும்பினார். "ரொம்ப நன்றிம்மா."

"நன்றி எதுக்கு சார்? அது உங்க ஸ்டாப்பு. நான் என்ன பிச்சையா போட்டேன்?" அக்கா ரோட்டிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "எறங்குங்க."

அவர் இறங்கினார். அக்கா கதவை மூடிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். கை தூக்கியவர்களில் ஒருவர்கூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.