காற்றாடிக் கடையில் அரை மணி நேரம்

சென்னைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகியும் எனக்கு இங்கே அலுவலகமும் வாடகை வீடும் அவற்றுக்கு நடுவே ஓடும் பஸ்ஸும்தான் தெரியும். கோயம்புத்தூர்க்காரிக்கு வேர்வையே பெரிய விஷயமாக இருந்தது.

பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உற்சவம் வந்தது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்துகொண்டு பார்க்காமல் இருப்பதா என்று மத்தியானம் தனியாகக் கிளம்பினேன். தெற்கு மாட வீதியில் நுழைந்ததுமே கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. யாரோ மிதித்ததில் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒற்றைக் காலில் தாவித் தாவி ஓரமாக ஒதுங்கினேன்.

அங்கே ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா நீளக் கம்பு ஒன்றில் காகிதக் காற்றாடிகளைச் செருகி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த கோணிச் சாக்கில் நகர்ந்து இடம் விட்டார்.

"குந்தும்மா. ரோடு கொதிக்குது, இன்னாத்துக்கு நின்னுகினு கீற?"

தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, வாரைச் சேர்த்துக் குத்திக் கொடுத்தார். பேச்சு வளர்ந்தது. அவர் பிறந்தது அடையாற்றங்கரையில். குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறியாவது இந்தத் திருவிழாவுக்கு வந்துவிடுவாராம்.

"சாமி பாத்தாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"எங்க பாக்கறது? இத்த உட்டுட்டு போவ முடியுமா? மோளம் கேக்கும், அத்தோட சரி."

எனக்கு என்னவோ போலிருந்தது. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இருக்கறனுங்க" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "விப்பியா?"

"தெரியலீங்க."

சிரித்துவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

அலுவலகக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. காற்றாடிக் கம்பைக் கட்டிப் பிடித்தபடி வாய் திறக்காமல் நின்றேன். பேத்தியைக் கையில் பிடித்து வந்த ஒரு மாமி என் முன்னால் நின்றார்.

"ஏண்டிம்மா, இப்படி ஊமையாட்டம் நின்னுண்டிருந்தா யார் வாங்குவா?"

பேத்திக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து மாமியே குரல் கொடுத்தார். "காத்தாடி, காத்தாடி. கொழந்தைகளுக்குக் காத்தாடி." கணீரென்ற குரல். அவர் இரண்டு முறை கூவியதும் மூன்றாவது முறை நானும் சேர்ந்துகொண்டேன். மாமி போன பிறகு தனியாகவும் கூவினேன். எதிரே கடைவாசலில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்த பாய், கூட்டத்தைக் கடந்து வந்து ஒரு டம்ளரை நீட்டினார்.

"குடிம்மா. தொண்ட கட்டிக்கப்போவுது."

அரை மணி நேரம் கழித்துத்தான் அந்த அம்மா வந்தார். நெற்றி முழுக்க விபூதி.

"கிட்டக்க பாத்தேன்" என்றார். "பல்லக்கு அப்பிடியே என் தோள ஒரசிகினு போச்சு." சட்டென்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "நீ பாக்கலியே. போ, வளைவு திரும்பறதுக்குள்ள ஓடு."

ஓடினேன். கடைசி நான்கு பல்லக்குகள் கிடைத்தன.

அடுத்த பங்குனியிலும் அதே ஓரத்தில் அவர் இருந்தார். இப்போது நாங்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். முதலில் அவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார், அப்புறம் நான்.