போர்மேன் அண்ணாச்சிக்கு என் அஞ்சலி

போன மாதம் மல்லாங்கிணறு பேருந்து நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ் போர்டு கட்டியிருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறும் தோளில் மடிப்புக் கலையாத துண்டுமாக எங்கள் பழைய போர்மேன் அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'கண்ணீர் அஞ்சலி'. அதற்கும் கீழே, 'தொழிலாளர்களின் தோழர், மரத்தடி வேலையை ஒழித்த மாமனிதர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது சொல்ல விட்டாரா மனிதர்? அதனால் இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீட்டார் காட்டு வேலைக்காரர்கள். பருத்தி எடுப்போம், களை வெட்டுவோம், மிளகாய் பறிப்போம். அந்த வருடங்களில் மழை தொடர்ந்து ஏமாற்றியது. காடு கரம்பாகக் கிடந்தபோது ஊருக்குள் பட்டாசுக் கம்பெனி பஸ் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்தான் அண்ணாச்சி. வீடு வீடாக வந்து, "என்ன தாயி, சாப்பிட்டீகளா? வெயில்ல ஏன் சாகுறீக? நெழல்ல உக்காந்து செய்யுற வேலை, வாங்க" என்றார். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் இழவு என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருநாளும் யாரையும் அதட்டியதில்லை. அதட்டுகிறவனை எதிர்த்துப் பேசிவிடலாம். தேன் தடவிப் பேசுகிறவரிடம் என்ன பேசுவது? என் மதினியும் நானும் ஒரே நாளில் பஸ் ஏறினோம்.

நிழல் என்று அவர் சொன்னது பொய்யில்லை. வேப்பமரத்து நிழல். அறைக்கு நாலு பேர்தான் இருக்க வேண்டும், அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதெல்லாம் சட்டம். தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்ததும் சட்டம் சுவரில் எழுதியதோடு நின்றுவிடும். மரத்தடியில் சாக்கை விரித்து, அடுப்படியில் உட்கார்வதுபோல நெருக்கியடித்து உட்கார்ந்து திரி செருகுவோம். பக்கத்திலேயே மருந்து நிரப்பிய வெடிகள் குவிந்து கிடக்கும். சோதனைக்கு ஜீப் வருகிறது என்று கேட்டில் விசில் அடித்தால், சாக்கைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் போய் நிற்க வேண்டும். ஜீப் போனதும் ஆளுக்கொரு பொட்டலம் சாத்தூர்க் காராச்சேவு கொடுப்பார் அண்ணாச்சி. எங்கள் உயிருக்கு அவர் வைத்திருந்த மரியாதை அதுதான். காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அதையும் தின்றோம்.

சங்கம் என்ற சொல்லை முதலில் சொன்னவர் ஒரு அக்கா. விருதுநகர் டவுனைச் சேர்ந்த முஸ்லிம் வீடு. சூலக்கரை நிறுத்தத்தில் எங்கள் பஸ்ஸில் ஏறுவார். எங்களுக்கு அவர் அக்கா, அண்ணாச்சிக்கு 'பாயம்மா'. அவர் வீட்டுக்காரர் வைத்திருந்த மிளகாய் வற்றல் கடை நொடித்துப்போனதால் அவரும் வேலைக்கு வந்தார். "எங்க கடைக்கு மூடை தூக்க வாரவுக சங்கம் வச்சிருந்தாக. அவுக வாசல்ல வந்து நின்னா எங்க வீட்டாளுக்கு வேர்த்துக் கொட்டும். மொதலாளி வீட்டுக்குள்ள இருந்து பாத்தவ சொல்லுறேன், நமக்கும் ஒண்ணு வேணும்" என்றார். எங்களுக்குச் சிரிப்பு. அடுத்து அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. "ரூமுல தீப்பிடிச்சா நாலு பேரு. இங்கன பிடிச்சா ஒங்க ஊரு மொத்தமும்." என் மதினி திரி செருகுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரத்தடியில் யாரும் உட்கார மாட்டோம், அறைக்குள் சட்டப்படி வேலை கொடு என்பது மட்டுமே எங்கள் கோரிக்கை. அதைக் கூடிப் பேச இடமில்லை. பஸ்ஸில் மூன்று பேர் தலையை ஒன்று சேர்த்தால் பொழுது சாய்வதற்குள் அண்ணாச்சி காதுக்குப் போய்விடும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகக் கம்பெனியே லீவு விட்டு பஸ்ஸும் கொடுக்கும். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வறண்டு கிடந்த ஆற்று மணலில் உட்கார்ந்து சங்கம் வைத்தோம். அவர் கொடுத்த பஸ்ஸில் போய் அவருக்கு எதிராகச் சங்கம் வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

அங்கேதான் எங்கள் பெண்களுக்கு ஒரு யோசனை வந்தது. கையெழுத்துப் போட்டவள் நாளைக்கு இல்லை என்று சாதிப்பாள். ஆத்தா முன்னால் காப்புக் கட்டினால் பொய் சொல்ல முடியாது. வேண்டுதல் நிறைவேறாமல் அவிழ்க்கவும் முடியாது. எல்லோரும் மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டோம். எங்களோடு வந்து மணலில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும், "வேணாம் தாயி, கையெழுத்துன்னா மறைச்சு வைக்கலாம். இத எங்கன மறைப்பீக?" என்றார். "ஒங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லக்கா" என்று மதினி அவர் வாயை அடைத்தாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று கேட்டில் அண்ணாச்சியே நின்றார். வழக்கமாக வாட்ச்மேன்தான் தீப்பெட்டி இருக்கிறதா, கொண்டை ஊசி இருக்கிறதா என்று பார்ப்பார். சங்கம் வைத்த செய்தி அண்ணாச்சிக்கு எப்படியோ போயிருந்தது. யார் யார் என்பதுதான் தெரியாது. அதை எங்கள் கைகளே சொல்லிவிட்டன. ஒவ்வொரு மணிக்கட்டாகப் பார்த்து, குழைந்து குழைந்து பேசினார். "ஆத்தாளுக்குக் காப்புக் கட்டிருக்கீகளா தாயி? ரொம்ப சந்தோசம். ஆனா காப்புக் கட்டுன கை வெடிமருந்தத் தொடலாமா? தெய்வக் குத்தம் ஆயிரும். காப்ப அவுத்துட்டு வாங்க, இல்லாட்டி வீட்டுல இருங்க." சங்கம் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எங்கள் சாமியை எடுத்தே எங்களை அடித்தார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வெயிலில் நின்றோம். ஒருத்தியும் கயிற்றில் கை வைக்கவில்லை. இருக்கன்குடிக்கு வராததால் கயிறு கட்டாமல் இருந்த சிலரை உள்ளே விட்டார். "பாயம்மா, நீங்க வாங்க. ஒங்களுக்கு இந்த வம்பெல்லாம் கெடையாது" என்று அக்காவையும் கூப்பிட்டார். அக்கா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். மதினி காறித் துப்பினாள். "பாத்தியாடி? சங்கம் சங்கமின்னு ஓதுனவ போறதப் பாரு!"

கொஞ்ச நேரத்தில் உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக அக்கா வந்தார். மரத்தடியில் சாக்கை விரிக்க விடாமல் அத்தனை பேரையும் பேசிக் கூட்டி வந்திருந்தார். அண்ணாச்சிக்கு எதிரில் நின்று முக்காட்டுத் துணியை விலக்கி இரண்டு கைகளையும் நீட்டினார். "அண்ணாச்சி, என் கையில கயிறு இல்ல. எனக்கு எந்தத் தெய்வக் குத்தமும் வராது. நானும் மரத்தடியில உக்கார மாட்டேன். இப்ப என்ன சொல்லி என்னய நிறுத்துவீக?"

அண்ணாச்சியின் முகத்தில் சிரிப்பு அவிந்ததை அன்றுதான் பார்த்தேன். "சங்கம் வச்ச எவளுக்கும் இங்கன வேலை கெடையாது, போங்கடி!" என்று கத்தினார். பஸ் டிரைவர்கள், வாட்ச்மேன், லோடு ஏற்ற வந்த லாரிக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். வேலையை விட்டு நிறுத்தியது காப்புக்காக அல்ல, சங்கத்துக்காக என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அதை வைத்துத்தான் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அலைய விட்டார்கள், உட்கார வைத்தார்கள், கடைசியில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார்கள். மரத்தடி வேலை நின்றது. எங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இருக்கன்குடிக்குப் போய்க் காப்பை அவிழ்த்தோம்.

அக்காவை மட்டும் எடுக்கவில்லை. தகராறு செய்தவர் என்று நிர்வாகம் ஒற்றைக்காலில் நின்றது. எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம், அசையவில்லை. நாங்கள் திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் காலையில் சாப்பாட்டுப் பையோடு சூலக்கரை நிறுத்தத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். பஸ் நிற்காமல் போனது. நாங்கள் கூச்சல் போட்டோம். "எனக்கு அங்கன நிறுத்த ஆர்டர் இல்ல தாயி, அண்ணாச்சி சொல்லிட்டாக" என்றார் டிரைவர். அடுத்தடுத்த நாட்களும் அவர் நின்றார். பிறகு நிற்கவில்லை. அண்ணாச்சியோ பழையபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம், "இங்கன ஒரு காலத்துல மரத்தடியில வேல பாத்தாக தாயி. நாந்தான் மொதலாளிகிட்ட சண்ட போட்டு நிறுத்துனேன்" என்று கூசாமல் சொல்லுவார். சொல்லிச் சொல்லியே அது போர்டில் ஏறும் அளவுக்கு உண்மையாகிவிட்டது.

போர்டைப் பார்த்த மறுநாள் விருதுநகருக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். வயதாகிவிட்டது. மகன் வீட்டில் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி செத்துப்போனதைச் சொன்னதும் பசைக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, உதட்டுக்குள் ஏதோ ஓதினார். "நல்லாப் பேசுவாரு மனுசன்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போர்டில் எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தேன். அக்கா செய்ததை அந்தாள் பெயரில் எழுதியிருக்கிறார்களே என்று கத்தினேன். அக்காவுக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை.

"அத விடு. இப்ப மரத்தடியில யாரும் உக்காருறாகளா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. எங்கள் கம்பெனியில் இல்லை. ஆனால் இந்தச் சீசனில் சாத்தூர் ரோட்டில் போகும்போது வேறொரு கம்பெனி வேலிக்குள், மரங்களுக்கு அடியில், சாக்கு விரித்து வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வெளியூரிலிருந்து புதிதாகக் கூட்டிவந்தவர்களாம்.

"உக்காருறாகக்கா" என்றேன்.

அக்கா அடுத்த காகிதத்தை எடுத்து மடித்தார்.

"அப்ப அவரு எங்கன செத்தாரு?" என்றார்.