வலது பக்கத்துப் பின்விளக்கு

முதாரே நகரத்தில் ஓட்டுநர் பள்ளி நடத்திவந்த எனியாஸ் மஸாரீரேயின் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. பேரப்பிள்ளைகள் ஆசையாய்த் திறந்து பார்த்து ஏமாந்துபோவார்கள். உள்ளே இருப்பதெல்லாம் செத்த பல்புகள். காரின் வலது பின்பக்கத்து இண்டிகேட்டரில் எரிந்து, வாரம் பத்து நாளில் உயிரை விட்டவை. ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, அறுந்த இழை உள்ளே கிணுகிணுப்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் டப்பாவில் போடுவார். குப்பையில் எறிய மனசு வராது. என்றைக்காவது ஒரு விவரமான ஆள் அகப்பட்டால், ஆதாரத்தோடு காட்டிக் காரணம் கேட்கலாம் என்று வைத்திருந்தார்.

விவரமான ஆட்கள் அகப்படாமல் இல்லை. அதுதான் தொல்லையே. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்த எலக்ட்ரீஷியன், டைனமோ அளவுக்கு மீறிக் கரண்ட் தள்ளுகிறது என்றான். டைனமோவைக் கழற்றி மாட்டியாயிற்று, பல்பு போயிற்று. இன்னொருவன் எர்த் வயர் சரியில்லை என்று சுரண்டித் தேய்த்துப் பளபளக்க வைத்தான்; பல்பு போயிற்று. மூன்றாமவன், “பல்பே மட்டம் பெரியவரே, நல்லதா வாங்குங்க,” என்றான். நல்லதாய் வாங்கியது நான்கு நாள் கூடுதலாக எரிந்தது. அவருடைய மனைவி சேகாய், தேவாலயத்தில் பெயர் எழுதிக்கொடுத்து விளக்குக்காக ஜெபிக்கச் சொல்லலாமா என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் எனியாஸ் ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தார்.

பள்ளி தொடங்குவதற்கு முன் பத்தொன்பது வருஷம் ரொட்டி லாரி ஓட்டியவர் அவர். அதிகாலையில் சூடான ரொட்டியை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போய்க் கடைகடையாக இறக்குவார். ஒரு நாளும் தாமதம் கிடையாது. ரொட்டிக் கம்பெனி மூடியபோது கைக்கு வந்ததைப் போட்டு ஜப்பானிலிருந்து வந்த பழைய வெள்ளிநிறக் கார் ஒன்றை வாங்கி, கூரைமேல் பள்ளியின் பெயர்ப்பலகையை மாட்டி, முன்னும் பின்னும் பயிற்சி வண்டிக்கான சிவப்பு ‘L’ எழுத்து ஒட்டி, மாஸ்டர் ஆகிவிட்டார். ஒரே கார், ஒரே மாஸ்டர். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் நாள் முழுக்க இடதும் வலதுமாகத் திரும்பிக்கொண்டே இருப்பதால், ஊரில் வேறு எந்தக் காரும் ஒரு மாதத்தில் கண்ணடிக்காத கணக்கை அவருடைய கார் ஒரே நாளில் அடித்துவிடும்.

“பெரியவரே, உங்க வண்டிக்கு வலது கண்ணுல புரை விழுந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க,” என்பான் கொலம்பஸ். அவன் மூன்று கார் வைத்திருக்கிற போட்டிப் பள்ளிக்காரன்.

“உன் வண்டிக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஓட்டுறவனுக்குத்தான் தெரியல,” என்று எனியாஸ் பதில் கொடுப்பார். சொல்லிவிட்டு, ஒரு நடை பின்னால் போய் விளக்கைத் தட்டிப் பார்த்துக்கொள்வார்.

அந்த அக்டோபரில் அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஃபுங்கிசாய் ஒருத்தி. முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. மகள் பெயர் அனேசு என்பதால் எல்லாருக்கும் அவள் அனேசு அம்மா. இங்கிலாந்தில் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. கார் ஓட்டத் தெரிய வேண்டும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் நகலை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்று கடிதத்தில் அழுத்தம் திருத்தமாக எழுதியிருந்தார்கள். மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் தவறியிருந்தாள். இரண்டு தடவை பின்னோக்கி ஓட்டி, எல்லை காட்ட வைத்த தகர டிரம்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தும்போது டிரம்மில் இடித்து. ஒரு தடவை மேட்டில் வண்டி பின்னால் உருண்டு. நான்காவது முறைக்குக் கிடைத்த தேதி இருபத்தெட்டு. மாதம் முடிய மூன்றே நாள்.

“இந்தத் தடவையும் போச்சுன்னா என்ன மாஸ்டர் பண்றது?”

“போகாது. நான் இருக்கேன்ல,” என்றார் எனியாஸ். பிறகு அவருக்கே அந்தச் சொல் அதிகப்படியாகத் தோன்றியது. “எதுக்கும், கை சைகையையும் ஒருதரம் பாத்துக்குவோம்.”

எழுத்துத் தேர்வுக்கான சிறு புத்தகத்தில் கை சைகைப் படங்கள் உண்டு. எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள், எழுதுவார்கள், மறப்பார்கள். ஊரில் யாரும் கையை நீட்டித் திரும்பி அவர் பார்த்ததில்லை. ஆனாலும் விளக்கை நம்ப முடியாத மனிதர் அவர்.

“இண்டிகேட்டர் போட்டதும் டிக்... டிக்...னு நிதானமா கேக்குதா, சரி. டிக்டிக்டிக்னு அவசரப்படுதா, எங்கேயோ ஒரு பல்பு செத்துடுச்சுன்னு அர்த்தம். பதறக் கூடாது. ஜன்னல் திறந்துதானே இருக்கு? வலது கையை நேரா நீட்டு. உள்ளங்கை முன்னால பாக்கணும்.”

அவள் நீட்டினாள். முழங்கை பாதி மடிந்தே இருந்தது. “இப்படியா?”

“இன்னும் நல்லா. வெட்கப்படாத. ராணி மாதிரி நீட்டு.”

இருபத்தெட்டாம் தேதி காலையில் புது பல்பு ஒன்றை அவர் தம் கையாலேயே மாட்டினார். இன்னொன்றைத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேர்வு பத்து மணிக்கு. அவளை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் நாலு டிரம்களை வைத்து அவள் ஆறு முறை நிறுத்தினாள்; ஆறும் அழகு.

“போதும் மாஸ்டர், போலாம்,” என்றாள்.

“கடைசியா ஒண்ணு. மனசுக்குத் திருப்தியா.”

அந்தக் கடைசி ஒன்றில்தான் வலது பின்மூலை டிரம்மை லேசாகத் தொட்டது. ‘டொங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இண்டிகேட்டர் மின்னிக்கொண்டிருந்தது. எனியாஸ் இறங்கிப்போய்ப் பார்த்தார். எரிந்தது. “ஒண்ணுமில்ல, வா,” என்று சொல்லிவிட்டார்.

தேர்வு வளாகத்தில் ஜக்கரண்டாப் பூக்கள் ஊதாப் பாயாகக் கிடந்தன. பரிசோதகர் கும்போ ஒல்லியான மனிதர். சிரிப்பு வராதவர், கோபமும் வராதவர். காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லிப் பார்த்தார். வலது பின்விளக்கு முறையாக மின்னியது. டிரம்களுக்கு நடுவே அனேசு அம்மா ஒரே வீச்சில் வந்து நின்றாள். மேட்டில் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. இனி சாலை மட்டும்தான் பாக்கி. பரிசோதகர் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். மாஸ்டர் உட்கார்ந்து, தம் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருக்கிற இடம் அது. எனியாஸ் வெளியே நின்றார். மாஸ்டர்களுக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

கம்பி வேலிக்கு அப்பால் சிக்னல் சந்திப்பு தெரியும். எல்லா மாஸ்டர்களும் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம். கார் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு சந்திப்புக்கு வந்து, வலதுபக்கம் திரும்புகிற வரிசையில் நின்றது. முன்பக்கத்து இண்டிகேட்டர் மின்னியது.

மின்னியது என்று சொல்வதா? துடித்தது. எண்ண முடியாத வேகத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது.

எனியாஸின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. தாளில் சுற்றிய பல்பு அங்கேதான் இருந்தது, முழுசாக. அவருக்கும் அந்தக் காருக்கும் நடுவில் ஒரு வேலியும் அறுபது தப்படி தூரமும்தான். பல்பை மாற்ற இரண்டு நிமிடம் போதும். கத்தினால் கேட்கும். ஆனால் வெளியாள் குரல் கொடுத்தால் தேர்வு ரத்து. அவர் பல்பை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நின்றார்.

“பெரியவரே, கண்ணு போச்சு போலிருக்கே,” என்றான் பக்கத்தில் நின்ற கொலம்பஸ். இந்தத் தடவை அவன் குரலில் கிண்டல் இல்லை.

அப்போது ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. நேராக, தோளிலிருந்து விரல்நுனி வரை வளையாமல், உள்ளங்கை முன்னால் பார்க்க. புத்தகத்தில் இருக்கிற படம் எழுந்து வந்தது போல.

“பாத்தியா!” என்று கொலம்பஸின் தோளில் ஓர் அடி வைத்தார் எனியாஸ். “ராணி!”

சந்திப்பின் நடுத்திட்டில் வாழைப்பழம் விற்கிறவர்கள் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். சிக்னலில் நிற்கிற காரிலிருந்து ஒரு கை வெளியே நீண்டால் அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். பழக்கூடையைத் தலையில் வைத்திருந்த ஒரு பருத்த பெண்மணி, மற்றவர்களை முந்திக்கொள்ள வேண்டுமென்று இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே ஓடிவந்தாள். அதே நேரத்தில் பச்சை விழுந்தது. அனேசு அம்மா கையை உள்ளே இழுத்து, கிளட்சை விட்டு, வண்டியை நகர்த்தினாள். பெண்மணி காரின் மூக்குக்கு நேரே வந்து நின்றாள்.

பிரேக் கிறீச்சிட்டது. எந்தக் கால் மிதித்தது என்று வேலியில் நின்றவர்களுக்குத் தெரியாது. கூடை கவிழ்ந்து பழங்கள் சாலையெங்கும் சிதறின. யாருக்கும் அடி இல்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன.

“கூப்பிட்டுட்டு ஏத்திக் கொல்லப் பாக்குறியே, மனுசியா நீ!” என்று பழக்காரி போட்ட சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. “கையை நீட்டுனியா இல்லியா? எல்லாரும் பாத்தாங்க! நீட்டுனியா இல்லியா?”

“திரும்பறதுக்கு நீட்டினேன்மா...”

“திரும்பறதுக்கு யாராவது கையை நீட்டுவாங்களா? ஸ்டீயரிங்கைத் திருப்பு!”

கார் வளாகத்துக்குள் திரும்பி வந்தபோது ஓட்டிவந்தது பரிசோதகர். அனேசு அம்மா பக்கத்து இருக்கையில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்மணி மன்னிப்பு போலவோ வசைபோலவோ ஜன்னல் வழியே போட்டிருந்த ஒரு வாழைப்பழம் காலடியில் கிடந்தது.

எனியாஸ் ஓடிப்போய் நின்றார். “ஐயா, கை சைகை சரிதானே?”

“சரி. புத்தகத்துல இருக்கிற மாதிரியே,” என்றார் கும்போ. “நான் இந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ரோட்டுல அதைச் செஞ்சு காட்டின முதல் ஆள் இவங்கதான்.”

“அப்போ...”

“பிரேக்கை நான்தான் மிதிச்சேன். பரிசோதகர் பிரேக் மிதிச்சா ஃபெயில். உங்களுக்குத் தெரியாததா?”

“அந்தம்மா குறுக்கே வந்தாங்கய்யா. இவங்க தப்பு என்ன இருக்கு?”

“தப்புன்னு நான் சொல்லலையே.” அவர் தாளில் எழுதிக்கொண்டே பேசினார். “அதை விட்டாலும் விளக்கு இருக்கு. விளக்கு எரியாத வண்டியில தேர்வு முடிஞ்சதா நான் எழுத முடியாது.”

“நீங்களே பாத்தீங்களே, எரிஞ்சுதே!”

“எரிஞ்சுது. இப்ப எரியல.”

அதற்கு மேல் அவரோடு சண்டை போட வழியில்லை. அவர் சொன்னது எல்லாமே உண்மையாக இருந்தது. அடுத்த தேதி கேட்டபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பேரேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஏழு வாரம் கழித்து ஒரு நாளைச் சொன்னாள்.

எனியாஸ் காரின் பின்னால் குந்தி உட்கார்ந்து விளக்கைக் கழற்றினார். காலையில் டிரம் தொட்ட இடத்தில் பெயின்ட் உதிர்ந்து, அதைச் சுற்றிப் பழைய தழும்புகள் தெரிந்தன. வருஷக்கணக்காக, கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் அந்த மூலையைத்தான் டிரம்மில் உரசியிருக்கிறார்கள். எப்போதும் அதே மூலை. எப்போதும் இண்டிகேட்டர் மின்னிக்கொண்டிருக்கும்போது. சூடேறிய இழைக்கு அந்த ‘டொங்’ போதாதா? இத்தனை விவரமான ஆட்களில் ஒருவராவது இந்த மூலையைப் பார்த்துக் கேட்டார்களா? அவராவது பார்த்தாரா? ‘கடைசியா ஒண்ணு’ என்று தாம் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. அதுவாகவும் இருக்கலாம். டைனமோவாகவும் இருக்கலாம். பல்பைக் காதருகே வைத்துக் குலுக்கினார். கிணுகிணுத்தது.

பையிலிருந்ததை எடுத்து மாட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“நீங்க ஓட்டுங்க மாஸ்டர்,” என்றாள் அவள்.

“இல்ல. நீயே ஓட்டு.”

அதே சந்திப்பில் சிவப்பு விழுந்தது. அவள் வலது இண்டிகேட்டரைப் போட்டாள். டிக்... டிக்... என்று கார் முழுக்க நிதானமாகக் கேட்டது, ஒரு குறையும் இல்லாத விளக்கு. நடுத்திட்டில் பழக்காரி கூடையை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மாஸ்டர், ஏழு வாரம் பொறுத்துக்கச் சொல்லி அவங்களுக்கு எழுதினா, காத்திருப்பாங்களா?”

எனியாஸ் செத்த பல்பைத் தாளில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“எழுது,” என்றார். “சாயங்காலம் வீட்டுக்கு வா. சேகாய் இங்கிலீஷ் நல்லா எழுதுவா.”

பச்சை விழுந்தது. அவள் நடுத்திட்டை ஒருமுறை பார்த்தாள். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.