சாக மறுத்த அரக்கன்

புத்தகம் படித்தால் அடி விழுமா? போன கிழமை எனக்கு விழப் பார்த்தது!

எங்கள் மீன்பிடி ஊர் சல்லியில், கோயிலடியில் கூத்து. அரக்கன் வேஷம் நம்ம செல்லத்துரைக்கு — துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஒத்திகை நாட்களிலேயே அவருக்கு ஒரு கவலை. எவ்வளவு ஆடினாலும் அரக்கன் வருகிறாரில்லையாம், செல்லத்துரைதான் வருகிறாராம்.

நானோ அப்போதுதான் ஆழ்மனம் பற்றி ஒரு புத்தகத்தை அரைகுறையாகப் படித்திருந்தேன். சும்மா இருப்பேனா? கண்ணை மூடுங்கள், கற்பனையில் அரக்கனை எதிரே ஒரு கதிரையில் இருத்துங்கள், உமக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்... வகுப்பே எடுத்துவிட்டேன்.

மனுஷன் கேட்டேவிட்டார் — கிரேனில் இருந்துகொண்டே!

கூத்து முடிகிற விடியல் நேரம். இளவரசன் வாளை ஓங்கினான். அரக்கன் விழ வேண்டும். விழவில்லை.

“அரக்கனோட கதைச்சனான்,” என்றார் செல்லத்துரை, சபையைப் பார்த்து. “அவருக்குச் சாக விருப்பமில்லையாம்.”

கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தை விடாமலே, யார் கொடுத்த புத்தி இது என்று கேட்டார். செல்லத்துரை மிகுந்த மரியாதையோடு என்னைக் கைகாட்டினார்.

இனித்தான் வினை. அரக்கன் செத்தால்தான் மங்களம். மங்களம் பாடிக் கூத்தை முடிக்காமல் அன்றைக்கு ஒரு தோணியும் கடலில் இறங்காது, ஊர் வழக்கம் அது. கீரிமீன் படுகிற காலம் வேறு! வலையோடு நின்றவர்கள் கடலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

ஆனால் கூத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டே. மங்களம் வரை மத்தளம் ஓயக்கூடாது. மத்தளம் ஓயும்வரை ஆட்டக் களரியில் நிற்பவர் ஆட வேண்டும் — அதுவும் தலையில் பாரமான மரக் கிரீடத்தோடு!

அண்ணாவியார் அடித்தார். அரக்கன் ஆடினார். வெயில் ஏறியது. இளவரசன் களரியை விட்டிறங்கி, ஒரு மர வாங்கில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கிவிட்டான். அண்ணாவியாருக்கோ கை வீங்கிவிட்டது, அரக்கனுக்கோ கிரீடம் கண்ணை மறைக்கிறது... யார் முதலில் விழுவது?

தொப்!

இளவரசன் கோப்பையை வைத்துவிட்டு ஓடி வந்து, ஒப்புக்கு வாளால் ஒரு தட்டுத் தட்டினான். மங்களம்! தோணிகள் இறங்கின. நானும் தப்பினேன்.

மணலில் மல்லாந்து கிடந்த செல்லத்துரையின் பக்கத்தில் குந்தினேன். ஆசை விடுகிறதா?

“இப்ப அரக்கன் என்ன சொல்லுறார்?”

அவர் கண்ணைத் திறக்கவேயில்லை.

“சாகிறது இவ்வளவு சுகமெண்டு தெரியாமப் போச்சாம், அண்ணை.”

அந்தப் புத்தகத்தை இப்போது இளவரசன் இரவல் கேட்கிறான்... கொடுப்பேனா?