ரொட்டிக்கடைக்காரரின் வலது கை

ரொட்டிக்கடைக்காரரைத் தெருவே 'பட்டாசு' என்றுதான் கூப்பிடும். மாவு கொஞ்சம் இளகினாலும் போதும், வெடித்துத் தீர்ப்பார். அவரிடம் வேலை பார்த்த மைத்துனன்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வான். ஒருநாள் அவன் அடுப்பின் கேஸை மூட மறந்துவிட்டான். மறுநாள் காலை இவர் தீக்குச்சியைக் கிழித்ததும் குப்பென்று கிளம்பிய நெருப்பு வலது கையைத் தின்றுவிட்டது. "பட்டாசு நிஜமாவே வெடிச்சிடுச்சு" என்று யாரோ சிரித்தது ஆஸ்பத்திரிக் கட்டில்வரை வந்து சேர்ந்தது.

புண் ஆறியது. விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. கடையைப் பூட்டிவிட்டு வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக வந்து மடியில் மாவு போலக் கொட்டிக் கிடக்கும். அந்தக் கதகதப்பில் கண் செருகினால் விரல்கள் நீண்டு பிசையத் தொடங்கும். மாவு மூச்சுவிட்டு உப்பும். விழித்ததும் பழையபடி கொக்கியாய் மடங்கிய விரல்கள்தான். சாயங்காலம் மைத்துனன் வாசலில் வந்து நிற்பான். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஆண்டவரே, என் கையைத் திருப்பிக் கொடும்" என்பதே அவர் ஜெபம்.

கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மனைவி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "கைப்புண்ணு ஆறிடுச்சுங்க. உள்ள சீழ் வைக்குதே, அதுக்கு யாரு கட்டுப் போடுறது?"

"உன் தம்பின்னதும் பரிஞ்சு பேசுறியா? நான் என்ன பாவம் பண்ணேன்? எனக்கு ஏன் இப்படி?"

"ஏன்னு எனக்கும் தெரியல. ஆனா இயேசப்பா கையிலயும் காயம் இருக்கு. மனுஷங்க கொடுத்ததுதான். அவரு முகத்தைத் திருப்பிக்கலையே."

அவர் எண்ணெய் மினுங்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தபோது மைத்துனன் மட்டும் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"உங்க கை வெந்த அன்னையிலருந்து அவன் அப்பம் எடுக்கிறதே இல்லைங்க," என்றாள் மனைவி காதோரம்.

வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கிய வெளிச்சத்தில் போதகர் அப்பத்தைப் பிட்டார். வாழ்நாளெல்லாம் ரொட்டி சுட்டவருக்கு, முழுசாக வைத்துக்கொண்டிருந்தால் அதை யாருக்கும் கொடுக்க முடியாது என்பது அன்றுதான் உறைத்தது. நெஞ்சில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெகிழ்ந்தது. பாட்டுச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. கால்கள் தாமாகவே கடைசி பெஞ்சுக்கு நடந்தன.

"எந்திரி மாப்ள."

"அத்தான்... உங்க கை..."

"கை கிடக்கட்டும். உன்னை விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போவேன்? வா."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். மடங்கிய விரல்களை அவன் தோளுக்கடியில் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

கை கடைசிவரை நேராகவில்லை. கடை திறந்தது, மைத்துனன் பிசைந்தான், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பதம் சொன்னார். கோபம் அப்போதும் தலைக்கேறும். பாதிப் பேச்சில் நிறுத்தி, உள்ளுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டுவிட்டு, "சரி, இன்னும் கொஞ்சம் பிசைடா" என்பார். அடுப்பைப் பற்றவைக்கும்போது மைத்துனனின் கை நடுங்கினால், எழுந்துபோய் அவனை ஒட்டி நின்றுகொள்வார்.