சூரியனைத் துரத்தியவனும் என் தம்பியும்

குஜிலியம்பாறையில் தம்பி இன்று மூன்றாவது போர் போடுகிறான். முதல் இரண்டிலும் தண்ணீர் இல்லை. அவன் மனைவி கழுத்தில் மஞ்சள் கயிறுதான் மிச்சம்.

எங்கள் மில்லில் நூல் வாங்கும் சீனப் பெண்ணிடம் சாட்டில் இதைச் சொன்னேன்.

"குவாஃபு சூரியனைத் துரத்தினான் என்போம்" என்றாள். அவர்கள் புராணத்து ராட்சசனாம். வழியில் இரண்டு ஆறுகளைக் குடித்தும் அடங்காமல், தாகத்தில் விழுந்து இறந்தானாம்.

"இது பாராட்டா, திட்டா?"

"விடாமுயற்சிக்கும் சொல்வோம். தன் பலம் தெரியாதவனுக்கும் சொல்வோம்."

அந்நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான்.

"அண்ணே, இன்னும் புழுதிதான் பறக்குது. இன்னொரு நூறு அடி போகச் சொல்லட்டா?"

"செத்த நேரம் இரு, கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அங்கே போர் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம்.