ஆகஸ்டில் வெர்னா சொன்னது

தேர்தலில் நிற்கும் பிரெண்டன் ஹால்க் பேச்சை மாற்றிவிட்டாராம் என்று எனக்குச் சொன்னவர் அந்தப் பேச்சைக் கேட்டவர் அல்ல; கேட்டவருக்கு முடி வெட்டியவர். வியாபாரிகள் சங்கத்துக் காலை விருந்தில் ஹால்க் எழுந்து, "பெரிய பண்ணைங்களும் நம்ம குடும்பந்தான்" என்றாராம். எதிர்க்கட்சிக்காரர்கள்கூடக் கை தட்டினார்களாம். முடிதிருத்துபவர் கத்தரியை நிறுத்தி, "உங்க வெர்னாகிட்ட போய்ச் சொல்லிடாதீங்க, இங்க வந்து என் கண்ணாடிய உடைச்சிடுவா" என்று சிரித்தார்.

நான் சொல்லவில்லை. காதில் விழுந்ததை நம்பிச் சொல்லி, அது பொய்யாகப் போய்விட்டால்? உண்மையாக இருந்துவிட்டால் அதைவிட மோசம். இரண்டு நாள் இப்படியே போயிற்று.

எங்கள் சாலையில் குடியிருக்கும் வெர்னா டோலெஃப்ஸ்ருட்டுக்கு அறுபத்து நான்கு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இந்த மூலையில் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு காலையில் அவருடைய பேருந்தில் வாந்தி எடுத்தவர்கள்தான். அதனால் அவர் கதவைத் தட்டினால் யாரும் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே பதுங்குவதில்லை. கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தார். ஒரு கிழட்டு நாய், வெள்ளிக்கிழமை மீன் வறுவல், நவம்பரில் மான் வேட்டை. கட்சி என்று எதற்கும் ஒரு துண்டுத்தாள்கூடக் கொடுத்ததில்லை.

பிறகு எங்கள் சாலையின் மேல்முனையில் நாலாயிரம் மாடுகளோடு ஒரு பெரும்பண்ணை வந்தது. ஏரி போலச் சாணக்குட்டை வந்தது. அதற்கும் பிறகு, கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த தாள் வந்தது. சாணத்திலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் நைட்ரேட்டின் அளவு பத்தைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. வெர்னாவின் கிணற்றில் பத்தொன்பது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்லோ ஸ்காரின் கிணற்றில் இருபத்தேழு. ஆர்லோ வீட்டில் பேரக்குழந்தை பிறந்திருந்த நேரம். பெரும்பண்ணையை இரண்டு மடங்காக்கப் போகிறார்கள் என்ற செய்தியும் அந்தக் கோடையில்தான் வந்தது.

மாநிலச் சட்டப்பேரவைக்கு நின்ற ஹால்க், "புதுசா ஒரு பெரும்பண்ணைக்கும் அனுமதி கூடாது, இருக்கறதுல ஒரு மாடுகூட அதிகமாகக் கூடாதுன்னு சட்டம் கொண்டாருவேன்" என்றார். கட்சிக்குள் அவரோடு போட்டியிட்ட இரண்டு பேரும் இப்படிப் பேசவில்லை. வெர்னா மறுநாளே கட்சி அலுவலகத்துக்குப் போய் ஓட்டுக் கேட்கப் போக வேண்டிய வீட்டுப் பட்டியலை வாங்கிக்கொண்டு வந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் காரை நான் ஓட்டினேன். எனக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லை. என் பெயர் எந்தத் தாளிலாவது ஏறி, குடியுரிமை நேர்காணலில் யாராவது அதை எடுத்து நீட்டுவார்களோ என்று பயம். அதனால் காரைவிட்டு இறங்க மாட்டேன். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு கேட்பேன்.

ஆர்லோ பரம்பரையாக எதிர்க்கட்சி. ஜூலை மாதத்து வெயிலில் வாசலில் நின்று வெர்னாவை மேலும் கீழும் பார்த்தார்.

"வழி தவறிட்டியா வெர்னா? இந்த ரோட்டுல உன் கட்சி வீடு ஒண்ணும் இல்லியே."

"உன் கிணத்துல வர்றது எந்தக் கட்சித் தண்ணி?"

"அத மேல இருக்கற மாடுங்கதான் சொல்லணும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஆர்லோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆகஸ்ட் தேர்தலில் ஒவ்வொரு கட்சியும் நவம்பர் பொதுத்தேர்தலுக்கான தன் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. ஓட்டுச்சீட்டில் கட்சிக்கு ஒரு பத்தி. யார் வேண்டுமானாலும் எந்தப் பத்தியிலும் போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு பத்தியில்தான் போடலாம். இரண்டிலும் கை வைத்தால் செல்லாது. ஆர்லோவின் பத்தியில் ஷெரிஃப் என்னும் மாவட்டக் காவல் தலைவர் பதவிக்கு நின்றவர் டுவேன், ஆர்லோவின் மனைவி ஜாய்ஸின் தம்பி.

"உன் பக்கம் வந்தா டுவேனுக்குப் போட முடியாது. ஜாய்ஸ் என்னைக் கொட்டில்ல படுக்க வெச்சிடுவா."

"டுவேன் எப்படியும் ஜெயிச்சிடுவான் ஆர்லோ. ஹால்க்குக்குத்தான் ஒவ்வொரு ஓட்டும் வேணும்."

"ஜெயிச்சப்புறம் உன் ஆளு சொன்னபடி நடப்பானா?"

"நடப்பான். நான் சொல்றேன்."

ஆர்லோ தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "பனி கொட்டறப்போ என் மூணு பிள்ளைங்களையும் பத்திரமா கொண்டாந்து விட்டவ நீ. நீ சொன்னா சரி. ஜாய்ஸ்கிட்ட நானே பேசிக்கிறேன்."

அந்தச் சாலையிலும் அடுத்த சாலையிலும் இப்படிப் பதினான்கு பேர் பத்தி மாறினார்கள். ஒவ்வொருவர் பெயரையும் வெர்னா ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார், நன்றிக் கடிதம் போடுவதற்காக.

ஆகஸ்டில் ஹால்க் அறுபத்திரண்டு ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். டுவேன் ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

மறுநாள் காலை வெர்னா அந்த நோட்டை என் சமையலறை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "பதினாலு பேரு, முருகு. டுவேனுக்குப் பத்துதான் வேண்டியிருந்துது. எப்படியும் ஜெயிச்சிடுவான்னு நான்தானே சொன்னேன். என்கிட்ட யாரு கேட்டா?"

தேவாலயச் சமையலறையில் வழக்கமாக வெர்னாவுக்குப் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு மசிக்கும் ஜாய்ஸ் அதற்குப் பிறகு பாத்திரம் கழுவும் பக்கம் போய் நின்றுகொண்டார். ஆர்லோ மட்டும் ஒருநாள் ஒரு கூடை சோளக் கதிரோடு வந்து, "டுவேன் எப்படியாவது பொழைச்சுக்குவான். தண்ணி சரியாச்சுன்னா ஜாய்ஸும் சரியாயிடுவா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வெர்னா செப்டம்பரைக் கடத்தினார்.

அக்டோபர் முதல் புதன்கிழமை காலை கட்சி அலுவலகத்தில் வாசல்தோறும் கொடுக்கப் புதிய பிரசாரத் தாள்களைக் கொடுத்தார்கள். நான் கதவோரம் நின்றேன். வெர்னா மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒரு முறை படித்தார், கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். சுத்தமான தண்ணீர், வலுவான பண்ணைகள் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே, அனுமதி மனுக்களை ஒவ்வொன்றாகக் கவனமாகப் பரிசீலிப்போம் என்று இருந்தது. சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மார்கோ, இதுல ஒரு வரியக் காணோமே."

தொகுதிப் பொறுப்பாளர் மார்கோ கெட்டவர் அல்ல. பல நாளாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார். "ஆகஸ்ட் தாள் ஆகஸ்டோட முடிஞ்சுது வெர்னா. அப்போ நம்ம ஆளுங்ககிட்ட பேசினோம். இப்போ எல்லார்கிட்டயும் பேசணும். ஏழு சதவீதம் பின்னாடி இருக்கோம். பண்ணைக்காரங்க மிரண்டுட்டா தோத்துடுவோம். தோத்துட்டா உங்க தண்ணிக்குப் பேரவையில யாரு இருக்கா, சொல்லு?"

"நான் நம்ம ஆளுங்ககிட்ட பேசலையே. அவங்க ஆளுங்களக் கூட்டியாந்தேன். அந்த ஒரு வரிய வெச்சுத்தான் கூட்டியாந்தேன்."

"தெரியும். அதனாலதான் அந்தப் பதினாலு வீட்டையும் உன் பட்டியல்லயே போட்டிருக்கேன். நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

உள் அறையிலிருந்து ஹால்க்கே வந்துவிட்டார். கையில் காகிதக் கோப்பை, கோட்டில் ஒரு பொட்டு ஜாம். "வெர்னா! நீ இல்லேன்னா நான் இங்க நிக்கவே மாட்டேன்."

"அப்போ ஜூலையில சொன்னத ஒரே ஒரு தடவ மைக்குல சொல்லிடு."

"நான் அதே ஆள்தான் வெர்னா. மனசுல அதேதான் இருக்கு. நவம்பர் தாண்டட்டும்."

"உன் மனசுல இருக்கறத நான் எந்த வாசல்ல போய்க் காட்டறது?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வெர்னாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து அழுத்தினார். பதில் சொல்லப்போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. யாரோ அவரைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்கள்.

வெர்னா தாள்களை மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டார். காரில் ஏறிய பிறகு, காலை விருந்தில் ஹால்க் பேசியதாக நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

"எப்போ கேட்டே?"

"திங்கக்கிழமை. முடிவெட்டறவர் சொன்னதுதானேன்னு..."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "திங்கக்கிழமையே தெரிஞ்சிருந்தா நானே போய் ஆர்லோகிட்ட சொல்லியிருப்பேன்" என்றார். "அந்த விருந்துக்குப் பத்திரிகைக்காரன் போகாம இருந்திருப்பானா? இன்னிக்குப் புதன்."

எங்கள் ஊர் வாரப் பத்திரிகை புதன்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடும். மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. மக்காச்சோள அறுவடை வண்டி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. "தாண்டு முருகு, தாண்டு" என்று வெர்னா காலால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தார், அங்கே ஒரு பெடல் இருப்பது போல.

ஆர்லோ வீட்டுச் சாலையோரத்தில் பத்திரிகை போடும் குழாய் காலியாக இருந்தது; அதற்குள் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வாசலில் அவருடைய லாரி நின்றது. சமையலறைத் திரை பாதி விலகியிருந்தது.

"உள்ள போகலாமா?" என்றேன்.

"ஜாய்ஸ் கதவத் தொறந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கறது? இஞ்சினை அணை. மொதல்ல அவன்கிட்ட பேசிடறேன். நான் ஏமாத்தலன்னு சொல்ல வேணாம். தெரியாம சொல்லிட்டேன், நான் சொன்னது தப்பு, அத மட்டும் என் வாயால அவன் கேக்கணும்."

கைபேசியில் ஆர்லோ வீட்டு எண்ணை அழுத்தினார். வீட்டுக்குள் மணி அடிப்பது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் ஆர்லோ மாடுகளோடு இருக்கும்போதும் கேட்க வேண்டும் என்று கொட்டில் சுவரின் வெளிப்புறத்தில் வீட்டுத் தொலைபேசியோடு இணைத்து ஒரு பெரிய மணி மாட்டியிருந்தார்கள். அது வயல் முழுக்கக் கேட்கும்படி அடித்தது. ஆறு. ஏழு.

கொட்டிலிலிருந்து ஆர்லோ வெளியே வந்தார், கையில் வாளியோடு. தலைக்கு மேல் அடிக்கும் மணியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாலையில் நின்ற எங்கள் காரைப் பார்த்தார். வெர்னா கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் மறு கையைக் கண்ணாடிப் பக்கம் உயர்த்தினார்.

ஆர்லோ வாளியைக் கீழே வைத்தார். வீட்டுக்குள் போகவும் இல்லை, எங்களை நோக்கி வரவும் இல்லை.

"எடு ஆர்லோ" என்றார் வெர்னா, கைபேசியிடம்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.